சகலை வரைந்த கண்

என் சகலையைப் பற்றி நல்லவிதமாக எழுத நான் சரியான ஆள் இல்லை. அவர் மேல் எனக்குப் பொறாமை. மறைத்துக்கொண்டு எழுதினாலும் நாலு வரியில் தெரிந்துவிடும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளராக இருந்தார். உயரம் சுமார், படிப்பு சுமார், பேச்சு அதைவிடச் சுமார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சைத் தாளில் குதிரை வீரனை வரைந்துவிட்டு விடை எழுத மறந்து எழுந்து வந்தவர் என்று அவருடைய அம்மாவே சொல்வார். கடையில் அவருக்கு வேலை, வருகிறவர்கள் முகத்தில் ஃபிரேமை மாட்டி, மூக்கில் சரியாக உட்கார்கிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று பார்ப்பது. நாள் முழுக்க மனித முகங்களை ஒரு முழ தூரத்தில் பார்த்துக்கொண்டு நிற்பார். அதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் எனக்கு அப்போது தோன்றும்.

கல்யாணமான புதிதில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்து அலமாரியில் என் பொம்மைகள் நின்றுகொண்டிருந்தன. பொம்மை என்றால் குழந்தைகள் விளையாடுவது அல்ல. மேஜை மேல் வரைபடம் விரித்து, பகடை உருட்டி ஆடுகிற போர் விளையாட்டுக்கான விரல் உயரச் சிலைகள்: வாள்வீரர்கள், மந்திரவாதிகள், இறக்கை முளைத்த பூதங்கள். வாங்கும்போது வெறும் சாம்பல் நிறத்தில் இருக்கும். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசிமுனை பிரஷ்ஷால் கவசத்தில் துரு, கன்னத்தில் தழும்பு என்று நாம்தான் பூச வேண்டும். இந்தக் கிறுக்கு குடும்பத்திலேயே எனக்கு மட்டும்தான் என்று எல்லோரும் ஒருமனதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். புது மாப்பிள்ளை அலமாரி முன்னால் போய் நின்றார். அவர் காது சிவந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மந்திரவாதி.

"நீங்களும் பண்ணுவீங்களா?" என்றேன்.

"சும்மா, பொழுது போக," என்றார்.

சமையலறையில் மாமியார் என் மனைவியிடம் சொன்னது கூடம் வரை கேட்டது. "ஒரு மாப்பிள்ளை இப்படின்னா சகிச்சுக்கலாம். ரெண்டுமேவாடி?"

மந்திரவாதியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அங்கியின் மடிப்பில் சாயம் வழிந்திருந்தது. தாடி ஓரமெல்லாம் பிசிறு. அந்த நிமிஷமே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பூசினோம். எங்களைப் போன்ற ஆட்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, ஆண்டுதோறும் போட்டி வைப்பார்கள். கோப்பை எனக்கு வரும், ஆறுதல் சான்றிதழ் அவருக்குப் போகும். இதில் எங்கள் இரண்டு பேருக்குமே மனக்குறை இருந்ததில்லை. நிறம் என்னுடைய தொழில். பெயிண்ட் கடையில், யாராவது பழைய திரைச்சீலையின் துண்டைக் கொண்டுவந்து காட்டினால், அதே நிறத்தைக் கண்ணளவில் கலந்து கொடுப்பேன். சகலைக்குப் பொறுமை மட்டும்தான் உண்டு. ஒரு முகத்தை வரைய ஒரு ஞாயிறு முழுக்க எடுத்துக்கொள்வார். அடுத்த ஞாயிறு வந்து அதை அழித்துவிடுவார்.

"ஏன் சகலை, நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்பேன்.

"இவன் பயந்த மாதிரி இருக்கான் சகலை. இவன் பயப்படுற ஆள் இல்ல."

பிளாஸ்டிக் பொம்மையைப் பற்றித்தான் பேசுகிறார். நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

ஒரு நாள் அவர் கடைக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்க ஒருவர் வந்தார். அவருக்கு ஒரு கண் செயற்கைக் கண். வேறு யாராக இருந்தாலும் பார்த்தும் பார்க்காத மாதிரி விற்று அனுப்பியிருப்பார்கள். நம்ம ஆள் அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய், "சார், இந்தக் கண்ணுல பழுப்பு கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு. ஓரத்துல பச்சை வேணும். யார் பண்ணிக் கொடுத்தாங்க?" என்று கேட்டிருக்கிறார். கடை முதலாளிக்கு மூச்சே நின்றுவிட்டதாம். வந்தவரோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "எல்லாரும் என் காதைப் பார்த்துத்தான் பேசுவாங்க. நீங்கதான் நேரா பார்த்துப் பேசுறீங்க," என்று சொல்லி, தனக்குக் கண் செய்துகொடுத்த பட்டறைக்கே சகலையைக் கூட்டிக்கொண்டு போனார். அதை நடத்துகிற அம்மாள் வண்ணம் தீட்ட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே சகலை கண்ணாடிக் கடையை விட்டுவிட்டார்.

அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோப்பை வாங்கினவன் நான், நிறம் தெரிந்தவன் நான், ஆனால் பொம்மைத் தாடியைப் பிசிறாகப் பூசுகிறவருக்குத் தேடி வந்து வேலை கொடுக்கிறார்கள். அதே சமயத்தில்தான் எங்கள் கடையில் ஒரு இயந்திரம் வாங்கிப் போட்டார்கள். துணியைக் காட்டினால் போதும், நிறத்தை அதுவே படித்து அதுவே கலந்துவிடும். டப்பா மூடியைத் திறப்பதும் அடைப்பதும்தான் எனக்கு மிச்சம். மாமியார் ஃபோனில் யாரிடமோ, "சின்ன மாப்பிள்ளை கண்ணு செஞ்சு கொடுக்குற இடத்துல இருக்காரு, பெரிய வேலை," என்று பூரித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் பெரிய மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும். "அவரு அதே கடைதான்," என்று குரலை இறக்கினார்.

ஞாயிறுகளில் சகலை வருவது மட்டும் நிற்கவில்லை. முன்பு பூதங்களைப் பற்றிப் பேசியவர் இப்போது மனிதர்களைப் பற்றிப் பேசினார். யாருக்கு எப்படிப்பட்ட கண், அழுதால் வெள்ளை எவ்வளவு சிவக்கிறது, இதே கதைதான். நான் ம் கொட்டிக்கொண்டே அவர் கையில் இருக்கும் பொம்மையில் குறை தேடுவேன். குறை கிடைக்கும். ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்காது.

ஒரு வருஷம் போல ஆன பிறகு பட்டறையில் வேலை குவிந்து இன்னொரு ஆள் தேவைப்பட்டது. சகலை என்னைப் பற்றிச் சொல்லிவைத்தார். அம்மாள், ஒரு கண்ணைச் செய்து காட்டட்டும், போட்டுக்கொள்கிறவருக்குப் பிடித்தால் வேலை என்றார். அந்த வேலை எனக்கு வேண்டும், மூடி திறந்து திறந்து என் கை மரத்துப்போயிருந்தது. ஆனால் அது சகலை சொல்லிக் கிடைத்ததாக இருக்க வேண்டாம். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. வேணும்னா முகத்தைக் கழுவிக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி. போனேன்.

பட்டறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் பெரிய ஜன்னலைப் பார்த்து ஒரு நாற்காலி, அதற்கு எதிரே வண்ணம் தீட்டுகிறவர் உட்கார ஒரு முக்காலி. மேஜையில் முட்டை ஓட்டின் சில்லு போன்ற வெள்ளை அச்சுகள். பக்கத்தில் சிவப்புப் பட்டு நூல்கண்டு. நூலை இழை இழையாகப் பிரித்து வெள்ளையில் ஒட்டினால் அதுதான் கண்ணின் நரம்பு. நடுவே கருவிழியைச் சின்ன வட்டத்தில் தனியாக வரைந்து பதித்து, மேலே கண்ணாடி மாதிரியான பூச்சு ஊற்றி, வெந்நீரில் இறுக வைத்துப் பாலிஷ் போடுவார்கள்.

எனக்கு வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. கணவரும் கூட வந்திருந்தார். விபத்தில் இடது கண் போய், சில மாதங்களாகக் கட்டோடு இருந்தவர், மறுபடி வகுப்புக்குப் போக வேண்டும் என்றார். முக்காலியில் உட்கார்ந்து அவருடைய வலது கண்ணைப் பார்த்தேன். தேன் நிறம், உள்வட்டத்தில் துரு, வெளி விளிம்பில் நீலச் சாம்பல். கலந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டு, பூச்சுக்கு அடியில் எப்படித் தெரியும் என்று பார்த்தேன். அச்சு அசலாக வந்திருந்தது. கை தன் பாட்டுக்கு ஓடியது. கடைசியாக, பொம்மைக்காரர்கள் எல்லோரும் வைக்கிறதை வைத்தேன். விரல் உயரப் பொம்மையில் கறுப்பாக மட்டும் கண் வரைந்தால் செத்த கண்ணாக இருக்கும். மேல் ஓரத்தில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி வைத்தால், வெளிச்சம் பட்ட மாதிரி உயிர் வந்துவிடும். அந்தப் புள்ளிக்காகவே எனக்குக் கோப்பை கொடுத்திருக்கிறார்கள். சகலை உள்ளறையில் ஒருவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டாமல், பூச்சு ஊற்றும் உதவியாளரிடம் நானே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஆசிரியை கண்ணைப் பொருத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் கண்ணாடியில் பார்த்தார். "அப்படியே இருக்குங்க," என்றார். நான் சகலையைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஏதாவது மாறும் என்று காத்திருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை கணவரிடம் காட்டத் திரும்பினார். கணவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

"நல்லா இருக்கு," என்றார். "ஆனா என்னமோ... இந்தக் கண்ணு மட்டும் இன்னும் ஜன்னலைப் பார்க்குற மாதிரி இருக்கு."

"நிறத்துல ஒரு நூல் கூட வித்தியாசம் கிடையாது சார்," என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நிறம் சரியாத்தாங்க இருக்கு," என்று இழுத்தார் அவர். ஆசிரியை கையை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குள் சகலை எழுந்துவந்துவிட்டார். "கொஞ்சம் பாலிஷ் பாக்கி இருக்குங்க. மத்தியானம் வரைக்கும் இருக்க முடியுமா?" என்று சாதாரணமாகக் கேட்டு, கண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் கண்ணை விளக்கின் அடியில் பிடித்துத் திருப்பினார். நிஜ வெளிச்சம் பூச்சின் மேல் நகர்ந்தது. என் புள்ளி கூடவே நகராமல் அதே இடத்தில் வெள்ளையாக நின்றது. மனிதக் கண் ஈரமானது, அதில் வெளிச்சம் தானாகவே விழும், திரும்பினால் போய்விடும். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சகலை சின்ன டிரில்லால் பூச்சைச் சுரண்டி, புள்ளியை எடுத்து, அந்த இடத்தில் என் தேன் நிறத்தையே தொட்டு வைத்து, மறுபடி பூச்சு ஊற்றினார்.

மத்தியானம் ஆசிரியை ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். கணவர் இந்தத் தடவை முழுதாகச் சிரித்தார். ஆசிரியை சகலையின் கையைப் பிடித்துக்கொள்ளப் போனார்.

"எனக்கு எதுக்குங்க? கண்ணு இவரு வரைஞ்சது. நான் பாலிஷ்தான் போட்டேன்," என்று அவர் என்னைக் காட்டிவிட்டார். ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கையில் என் கை கட்டை மாதிரி கிடந்தது.

அவர்கள் போன பிறகு அம்மாள் என்னிடம் வந்தார். "நிறம் உங்களுக்கு நல்லா வருது. புள்ளி வைக்காதீங்க. திங்கக்கிழமை வந்துடுங்க," என்றார். அவ்வளவுதான்.

பிரஷ்களைக் கழுவும்போது சகலையிடம் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நானும் வெச்சேன் சகலை. முதல்ல செஞ்ச கண்ணுல. பட்டறை அம்மா அப்ப ஊர்ல இல்ல. போட்டுக்கிட்டவரும் சந்தோஷமாப் போயிட்டாரு. அப்புறம் ஒரு நாள் பஸ்ல அவரைப் பார்த்தேன். பஸ் ஒரு பாலத்துக்கு அடியில போச்சு. உள்ள இருட்டாச்சு. ஒரு கண்ணு அணைஞ்சுது, இன்னொண்ணு அணையல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவர் இறங்கின இடத்துலயே நானும் இறங்கி, இங்க கூட்டிட்டு வந்து மாத்திக் கொடுத்தேன்."

"அவரு குறை சொன்னாரா?"

"இல்லையே. அவருக்குத் தெரியவே தெரியாது."

வீடு வரைக்கும் அந்தப் பேருந்துதான் என் மண்டைக்குள் ஓடியது. நானும் அதில் போயிருப்பேன், நானும் அவரைப் பார்த்திருப்பேன். நிறம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது என்று என்னையே மெச்சிக்கொண்டு, என் நிறுத்தத்தில் இறங்கிப் போயிருப்பேன். இவ்வளவு நாளும் எனக்குப் பொறாமை அவருடைய அதிர்ஷ்டத்தின் மேல்தான். அது நமக்கும் ஒரு நாள் அடிக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது என்று தெரியவில்லை.

மனைவி கதவைத் திறந்ததுமே முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்னாச்சு, வேலை இல்லைன்னுட்டாங்களா?"

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கீங்க? தங்கச்சி வீட்டுக்காரர் ஏதாவது சொல்லிட்டாரா?"

"ஒண்ணும் சொல்லல." செருப்பைக் கழற்றி மூலையில் விட்டேன். "வேலை தெரிஞ்சவனா மட்டும் இருந்தா, போகட்டும்னு விட்டுடலாம்டி. அந்த ஆளு நல்லவனா வேற இருக்கான்."