எனக்கு அம்மை வந்ததா?

நான் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது என் கணவருக்கு அம்மை போட்டது. சிப்காட்டில் வேலை முடிந்து வந்தவர், கழுத்தில் இருந்த கொப்புளங்களை வெயில் கட்டி என்றார். விடிந்து பார்த்தால் முதுகெல்லாம் பரவியிருந்தது. வாசலில் வேப்பிலை செருகிய மாமியார் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஒனக்குச் சின்ன வயசுல வந்திருக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் என் அம்மா. அவர் இறந்து சில வருடங்களாகின்றன.

அன்றைக்கே சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு, அப்பா வீட்டுக்கு வந்தேன். அப்பா பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? டூட்டி டூட்டின்னு ரோட்டுலதான கெடந்தேன். எல்லாம் உங்கம்மாதான் பாத்துக்கினா."

அண்ணனுக்குப் போன் செய்தேன். "எனக்குத்தான் வந்துச்சு. ஒனக்கு வந்த மாதிரி ஞாபகமில்லியே" என்றான்.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். கர்ப்பிணிக்கு அம்மை வந்தால் சிலருக்கு நுரையீரல்வரை பாதிக்கும் என்றார் அந்த அம்மாள். என் முகம் மாறியதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரு தடவை வந்திருந்தா, அந்தக் கிருமிக்குன்னே ஒடம்பு ஆன்டிபாடி செஞ்சு வச்சிருக்கும். மறுபடி அதே கிருமி வந்தா அதும்மேல போய் ஒட்டிக்கும். செல்லுக்குள்ள நுழைய விடாது. வெள்ளை அணுக்களுக்கும் காட்டிக் குடுத்துடும். ரத்தத்துல இருக்கான்னு பாத்துடலாம்."

"இல்லன்னா?" என்று அப்பா கேட்டார்.

"வேற ஆளுங்க ரத்தத்துலேருந்து எடுத்ததை ஊசியா போடலாம். ஆனா தள்ளிப்போடக் கூடாது."

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். எப்போதோ ஒரு காய்ச்சல், அம்மாவின் குளிர்ந்த கை என்று எதையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வந்ததெல்லாம் நானே கட்டிக்கொண்டதுபோல இருந்தது.

அடுத்த நாள் முடிவு வந்தது. ஆன்டிபாடி இருந்தது, வேண்டிய அளவு இருந்தது. லேசாக வந்து போயிருக்கும், வேர்க்குரு என்று நினைத்திருப்பார்கள் என்றார் மருத்துவர். அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், பிறந்து சில மாதங்கள்வரை துணையிருக்கும் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "எந்த வருசம் வந்துச்சுன்னு அதுல தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"அப்ப நான் எந்த ரூட்டுல இருந்தேனோ" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அம்மாவை நினைத்துத்தான் அழுகை வந்தது. அது அம்மை என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, வேர்க்குரு என்றே நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாரா? இனி யாரிடமும் கேட்க முடியாது.

சிதம்பரம் திரும்பி, மாமியார் தடுத்தும் கேட்காமல், கணவரின் அறைக்குள் போய் இளநீர் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. மகள் நலமாகப் பிறந்தாள். அவளுக்குத் தடுப்பூசி போடும் நாட்களில் அப்பா கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறார். ஊசி இறங்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.