காருக்கு வாங்கிய சிரிப்பு வாயு

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் இருந்தோம். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து மேலே ஏறும் சாலையில் என் கணவருக்கு ஒரு தகரக் கொட்டகை. அதுதான் ஒர்க்‌ஷாப். லாரி, ஜீப், படகு இன்ஜின் எல்லாம் அங்கே வரும். கொட்டகையின் உள்மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு பழைய கார் நின்றது. மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடம் வாங்கியது.

மெட்ராஸுக்குப் பக்கத்தில் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் கார் பந்தயம் நடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் என் கணவர் அங்கே பணக்காரர்களின் கார்களுக்கு டயர் மாற்றிக் கொடுத்தவர். கொடி அசைந்ததும் கார்கள் போய்விடும். இவர் கையில் ஸ்பானரோடு நிற்பார். ஒரு தடவையாவது தானே ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. தோற்றாலும் பரவாயில்லை என்பார்.

ஆனால் காரின் இன்ஜின் கிழடு. அதைப் பிரித்து, பெரிதாக்கி, பந்தயத்துக்கென்று மாற்றினால் பிறகு சவாரிக்கு உதவாது. பெட்ரோலைக் குடித்தே நம்மை ஆண்டியாக்கிவிடும் என்றார். அப்போதுதான் மெட்ராஸ் கப்பலில் வேலை பார்த்த ஓர் இன்ஜினியர், தூத்துக்குடியில் எங்கள் தெருக்காரர், ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மைத்துனர் அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக் கப்பலில் இருந்தார். அங்கிருந்து வந்த புத்தகம். கார் இன்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தும் கருவிகளின் படங்கள் அதில் இருந்தன.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். இங்கிலீஷ் வாசிக்கும் வேலை எனக்கு வந்தது.

"இது ஆஸ்பத்திரியில மயக்கம் குடுக்குற வாயுல்லா? சிரிப்பு வாயுன்னு சொல்லுவாவளே" என்றேன்.

"அதேதான். நம்ம கிழவனும் கொஞ்சம் சிரிக்கட்டுமே" என்று காரைக் காட்டினார்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தை மீறி நான் கத்தி வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வாயு தானாக எரியாது, இன்ஜினுக்குள் சூடு பட்டதும் ஆக்சிஜனைக் கொடுக்கும், அதனால் பெட்ரோலை இன்னும் கூடுதலாக எரிக்கலாம் என்பதெல்லாம் அவருடைய விளக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது. கருவிகளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று வாயுவை மட்டும் பீய்ச்சும். மற்றது வாயுவோடு பெட்ரோலையும் சேர்த்துப் பீய்ச்சும். முதல் வகை எளிது, குழாயும் குறைவு. எனக்கு அதுதான் நல்லதாகப் பட்டது.

"வேண்டாம் ஏட்டி. வாயு மட்டும் கூடி பெட்ரோல் கூடலைன்னா பிஸ்டன் உருகிப் போவும். ரெண்டும் சேந்து வாறதுதான் நமக்கு" என்றார்.

அதை ஒப்புக்கொண்டேன். அடுத்தது ஜெட். வாயு எவ்வளவு போக வேண்டும் என்று அளக்கும் துளையுள்ள சிறிய பித்தளைத் துண்டுக்கு அந்தப் பெயர். பெரியது போட்டால் வேகம் அதிகம். அவர் பெரியதில் நின்றார். முதல் தடவை போடுகிறவர்கள் சிறியதில் தொடங்கட்டும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு தடவை போறதுக்கு எதுக்கு சின்னது?"

"ஒரு தடவை போறதுக்கு எதுக்கு நீங்க உருகணும்?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கப்பல் வந்தபோது அவரே ஜெட்டிக்குப் போய், கருவியை வரவழைக்க இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு வந்தார். எந்த ஜெட்டைச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கருவி வருவதற்குள் தெற்கே கட்சால் தீவிலிருந்து ஆள் வந்தது. ரப்பர் தோட்டத்தில் வண்டிகள் படுத்துவிட்டன, வந்து எழுப்பித் தர வேண்டும். காரைக் கப்பலில் ஏற்றி மெட்ராஸ் கொண்டுபோக அந்தக் காசு உதவும் என்று இவர் புறப்பட்டார். போகும்போது, "காரை வாரத்துக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணிவிடு, என்னா? சோக்கைப் பாத்து இழு" என்றார். கடைசியாக நல்ல நினைவோடு அவர் என்னிடம் பேசியது அதுதான்.

அங்கே காய்ச்சல் கண்டிருக்கிறது. சும்மா குளிர்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். கடல் கொந்தளிப்பில் கப்பல் தாமதமானது. போர்ட் பிளேரில் இறக்கியபோது ஸ்ட்ரெச்சரில்தான் இறக்கினார்கள். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் என் கையை ஸ்டியரிங் என்று நினைத்துப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் கையை விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு பிடி தளர்ந்தது.

அடக்கம் முடிந்து, கிறிஸ்துமஸும் போய்விட்டது. ஒரு நாள் காலை கப்பல் இன்ஜினியர் தோளில் ஒரு மரப்பெட்டியோடு மேட்டில் ஏறி வந்தார். கப்பலில் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணன் எங்க, அண்ணி? ஜல்தி வரச் சொல்லுங்க. காருக்கு மாப்பிள்ளை வந்தாச்சு!"

அவர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் கேட்காமலே சொன்னார்:

"சின்ன ஜெட்டுதான் சொன்னாரு அண்ணி. பெருசு ஒண்ணும் சேத்து வாங்கட்டுமான்னு கேட்டேன். 'நஹி பாய், வேண்டாம், அவ படிச்சுப் பாத்துச் சொல்லுதா, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்'ன்னாரு."

உள்ளே போய் அவருக்குத் தேநீர் போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்தார். பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போய் மெட்ராஸ் ஓடுதளத்துக்காரர்கள் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். யாருக்குக் கொடுத்தார் என்று பிறகு நான் விசாரிக்கவில்லை.

காரை வண்டூர்க்காரர் ஒருவர் வாங்கினார். மீன் ஏற்றவும் குடும்பத்தோடு கோவிலுக்கு வரவும் என்றார். நல்ல மனிதர். நான் வாரந்தோறும் ஸ்டார்ட் செய்து வைத்திருந்ததால் ஒரே இழுப்பில் வண்டி பிடித்தது. அவர் ஆச்சரியப்பட்டு, "பஹுத் அச்சா வெச்சிருக்கீங்க" என்றார். சோக்கைப் பார்த்து இழுக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

வண்டி போன பிறகு கொட்டகை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. கார் நின்ற இடத்தில் தரை எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்தது. கொட்டகையை மறுநாள் தையற்காரர் ஒருவருக்கு விடுவதாகப் பேச்சு. மண்ணெண்ணெய் ஊற்றித் தென்னை நாரால் தேய்த்தேன். கறை அசையவில்லை. இன்னும் ஊற்றினேன், இன்னும் தேய்த்தேன். பக்கத்து வீட்டு வங்காளத்து அக்கா வந்து நாரை என் கையிலிருந்து பிடுங்கினாள். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதேன்.