கீழ்க் கம்பி

தொண்ணூறுகளில், கல்முனையில், பக்கத்து வீட்டு ராத்தா, கணவர் மௌத்தாகி, விதவைக்குரிய இத்தா இருந்தார். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாதே என்று, அவரின் படுக்கையறை ஜன்னலுக்கு நான்தான் திரை தைத்தேன். கெட்டியான மருதமுனைத் துணி. காற்றுக்குத் தூக்காமலிருக்க மேலும் கீழும் ஸ்பிரிங் கம்பி கோத்து இறுக்கினேன். சமைத்துக்கொண்டே என் குசினியிலிருந்து பார்த்தால் அது அசையாமல் நிற்கும். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்துத்தான் அங்கே போனேன். ராத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் பிழையா ராத்தா?"

"இல்லகா. கொஞ்சம் ஆடினா நல்லம். ஆரோ வாற மாதிரி இருக்கும்."

கீழ்க் கம்பியைக் கழற்றினேன். கடற்காற்றில் திரை உப்பி அடங்குவதை இருவரும் பார்த்திருந்தோம்.

அந்த ஆரோ நானாக இருந்திருக்கலாம். என் வீடு பத்து எட்டு வைக்கும் தூரத்தில்தான் இருந்தது.