வேண்டுதலில் பெருத்த கூட்டம்

படாளத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில் குரங்குகளைப் பெருக்கிவிட்டவள் சரோஜாதான். மகன் கார்த்திக்கு மறைமலைநகரில் வேலை கிடைத்தால், சனிக்கிழமைதோறும் ஆஞ்சநேயர் கோயில் குரங்குகளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் என்று வேண்டிக்கொண்டாள். வேலை கிடைத்தது. மற்றவர்கள் விடுவார்களா? கம்பெனி பஸ்ஸில் ஏறிய ஒவ்வொரு பிள்ளை பேரிலும் ஒரு சீப்பு விழுந்தது. ஏரிக்கரையில் அத்திப்பழம் பொறுக்கித் தின்ற சின்னக் கூட்டம் சில வருஷத்தில் ஊரையே அடைத்தது. வயிறு நிறைந்தால் வம்சம் பெருகாதா? குட்டி தொங்காத பெண்குரங்கையே காணோம்.

சனிக்கிழமை பழம், மற்ற நாளெல்லாம் சரோஜாவின் வேர்க்கடலை. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். இரண்டு போகம் செடியோடு போயிற்று. கூண்டு வைத்துப் பிடித்தும் பார்த்தார்கள். பழம் நிற்கவில்லை, மிச்சமிருந்தவை மறுபடி பெருகின.

“பழத்த நிறுத்தினாத்தான் இதுக்கு வழி,” என்றாள் சரோஜா.

கணவர் தர்மராஜ் பதறினார். “இன்னொரு போகமும் பூட்ச்சுன்னா நெலத்த வித்துடலாம். சாமி குத்தம் மட்டும் வேணாம்.”

கோயில் வாசலில் பழம் விற்கும் ஞானம்பாள் அவருக்கு மேல் கத்தினாள்.

“அப்ப சாமியவே கேட்டுடுவோம்,” என்றாள் சரோஜா. பழத்தைச் சாமிக்குப் படைத்து மனிதர்களுக்கே கொடுத்துவிடலாமா? வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் இரண்டையும் அவளே கட்டி வந்தாள். “ஞானம்பாக்காவே எடுக்கட்டும்.”

ஊர் கூடி நிற்க, ஞானம்பாள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதலில் தொல்லை கூடத்தான் செய்தது. தகரம் தட்டித் தட்டிச் சரோஜாவின் கை வீங்கியது. அந்தப் போகத்தில் பாதிதான் தேறியது, ஆனால் நிலம் தப்பியது. பசித்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து ஏரிக்கரை மரங்களுக்குத் திரும்பியது. மறுவருஷம் குட்டி சுமந்தவை ஒன்றிரண்டுதான். சரோஜாவின் களத்தில் கடலை மூட்டை மூட்டையாய் அடுக்கியிருந்தது. தலைகால் புரியாத சந்தோஷம் அவளுக்கு.

முதலில் அவித்த கடலையைக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். ஞானம்பாளுக்கு வியாபாரம் ஒன்றும் குறையவில்லை, பழம் இப்போது பக்தர்கள் கைக்குப் போகிறது. கடலையை மென்றபடி அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏண்டி சரோஜா, அன்னிக்கு இன்னொரு பொட்டலத்துல இன்னா பூ வச்ச?”

“அதுவும் வெள்ளதான்க்கா,” என்று சொல்லி, சரோஜா இன்னொரு கை கடலையை அவள் மடியில் கொட்டினாள்.