பெருமாள்சாமியின் ரத்தம்

சேவுகம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன் பூப்பறிக்க வரும் பெண்கள், பெருமாள்சாமி ஒரு சுற்று நடந்து முடிக்காமல் செடிகளுக்குள் காலை வைக்க மாட்டார்கள். செருப்பில்லாமல், கம்பால் செடிகளைத் தட்டிக்கொண்டே அவர் முன்னால் போவார். பாம்பு கிடந்தால் அவரைத்தான் கடிக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. கூலியாக ஆளுக்கு ஒரு கைப்பூ அவர் துண்டில் விழும்.

இப்படி ஒரு வேலைக்கு எந்தப் பைத்தியக்காரன் ஒப்புக்கொள்வான்? பெருமாள்சாமி பெருமையாகவே ஒப்புக்கொண்டார். வாலிபத்தில் நல்ல பாம்பு கடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர். அடுத்த முறை அதே இனப் பாம்பு கடித்தபோது ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கை வீங்கியது, வடிந்தது. அதற்கடுத்த கடிக்கு வீக்கமும் பெரிதாக இல்லை. உடம்பு விஷத்துக்குப் பழகிவிட்டது என்றது ஊர். ஊர் சொன்னால் போதாதா, மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் ரத்தமே மருந்துப்பா" என்று டீக்கடையில் கையை நீட்டிக் காட்டுவார்.

அவருக்கு ஒரே மகள், ஜீவிதா. வத்தலக்குண்டில் ஜவுளிக்கடை வேலை. லீவு நாளில் அம்மா ஆனந்தியோடு பூப்பறிக்க வருவாள். அப்படி வந்த ஒரு விடியலில், கணுக்காலில் எறும்பு கடித்ததுபோல் இருக்கிறதே என்று செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். வெள்ளை வளையம் போட்ட கட்டுவிரியன் ஒன்று செடிக்குள் நழுவிப் போனது. சற்று முன்தான் அவள் அப்பா அந்த வழியே நடந்துபோயிருந்தார்.

தோட்டக்காரர் செபஸ்தியான் வேன் சாவியோடு ஓடி வந்தார். "ஏறுங்க, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"எதுக்குண்ணே?" பெருமாள்சாமி சிரித்தார். "எம் பிள்ளைண்ணே. அவ ஒடம்புல என் ரத்தந்தான ஓடுது. ஒண்ணும் ஆகாது."

கொடுமை என்னவென்றால், பறிக்க வந்த பெண்களும் தலையாட்டினார்கள். ஜீவிதாவும் நம்பினாள். வலி இல்லை, வீக்கம் இல்லை, நம்பாமல் என்ன செய்வாள்? வரப்பில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். ஆனந்தி மட்டும் கெஞ்சினாள். "ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், கொண்டு போயிருவோம்."

"செத்த நேரம் பொறு. அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்."

வெயில் ஏறியபோது ஜீவிதாவின் இமைகள் இறங்கின. "கண்ணத் தொறக்க முடியலப்பா" என்றாள், நாக்குக் குழற. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. அள்ளித் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார். திண்டுக்கல் போய்ச் சேருவதற்குள் அவள் மூச்சு நின்றிருந்தது.

டாக்டரம்மா முன்னால் பெருமாள்சாமி சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார். "என் ரத்தத்த ஏத்திப் பாருங்கம்மா."

டாக்டரம்மாவுக்கும் கண் கலங்கியது. "கொஞ்சம் கொஞ்சமா விஷம் ஏறுனா, சில பேரு ஒடம்பு அத எதுத்து நிக்கப் பழகலாங்கய்யா. அதுவும் அந்த ஒரு பாம்பு விஷத்துக்குத்தான், கொஞ்ச காலத்துக்குத்தான். வேற பாம்புக்கு ஒதவாது. பெத்த பிள்ளைக்கும் போகாது." பெருமாள்சாமி எல்லாவற்றையும் கேட்டார். நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

அதற்குப்பின் ஆனந்தி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். அவரும் யாரும் கூப்பிடாமலே தோட்டத்துக்குப் போய் முன்னால் நடந்தார். கம்பு கொண்டுபோவதில்லை. யாராவது பூ கொடுத்தால் வாங்குவதுமில்லை.

அடுத்த மழைக்காலத்தில் செடிகளை விலக்கிய அவர் கையில் நல்ல பாம்பு ஒன்று கொத்தியது. யாரிடமும் சொல்லாமல் தென்னை மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார். மகளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற ஒரே ஆசைதான். வாந்தி எடுத்தார், தலை சுற்றியது, கை வீங்கியது. பொழுது சாயும்போது தலை தெளிந்துவிட்டது. வேறு போக்கிடம் இல்லாமல் எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

அடுப்படியில் இருந்த ஆனந்தி வெளியே வந்து அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.