மடியில் வந்த அரசமரம்

வாழவந்தியிலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குரங்குக் குல்லாய், நரைத்த பெரிய மீசை, மடியில் தட்டைத் தொட்டியில் ஒரு சாண் உயர போன்சாய் அரசமரம். மலர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு வளைவிலும் தன் தலையைக் கம்பியில் இடித்துக்கொண்டு மரத்தைக் காப்பாற்றினார்.

மண்மேல் பரப்பிய பாசி கருகியிருந்தது.

"இப்படி வெச்சா சீக்கு மரம்னு பரிசு குடுக்கறவங்க ஒதுக்கிடுவாங்க" என்றார் கவலையாக.

கேட்காமலே ஆலோசனை சொல்வது ஓய்வூதியத்தோடு எனக்கு வந்த சலுகை.

"பாசி எங்கே எடுத்தீங்க?"

"காப்பிச் செடிக்கு அடியிலங்க."

"மரம் வெயில்ல நிக்குது. நிழல் பாசி அங்கே பிழைக்காது. வெயில் படற சுவர்ல எடுங்க. மண்ணை நனைச்சு, இடைவெளி விடாம அமுக்கி வைங்க. தண்ணியை ஊத்தாதீங்க, தெளிங்க. பாசி தண்டுல ஏறினா சுரண்டிடுங்க."

"டிரைவரண்ணா, நிறுத்துங்க!"

மரத்தை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி, சாலையோரச் சுவரில் சாவியால் பாசியைப் பெயர்த்தார்.

"பாசிக்கு பஸ்ஸ நிறுத்துன ஆளு நீங்கதானுங்க" என்றார் கண்டக்டர்.

மதியம் கண்காட்சியில் மரம் பசேலென்று மேசைமேல் நின்றது. பரிசு இல்லை, ஆனால் சுற்றிலும் கூட்டம். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"ஏனுங்க, நீங்களும் கேட்டுக்கங்க. பாசிய வெயில் சுவத்துலதான் எடுக்கோணும்..."

நான் சொன்னதை வரிசை மாறாமல் எனக்கே சொல்லி முடித்தார். மறந்தாரா, மறைத்தாரா, இன்றும் தெரியவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் உத்தியோக காலம் முழுவதும் நான் சொன்ன எதையும் யாரும் அவ்வளவு பிழையில்லாமல் திருப்பிச் சொன்னதில்லை.