அளவுக்கு நின்றவள்

எங்கள் அப்பாவுக்கு டேப்பில் நம்பிக்கை கிடையாது. கொத்தனார் மடியில் சுருட்டி வைத்திருந்த துணி டேப்பை வாங்கி இழுத்துப் பார்த்தார். இது இழுத்த இழுப்புக்கு வருகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கொல்லையில் கடலை மூட்டை அடுக்க ஒரு கொட்டகை கட்ட வேண்டும். அதற்கு அளவுகோலாக அவர் என்னைக் கூப்பிட்டார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஐந்தாம் வகுப்பு.

கொட்டகைக்குக் கிடைத்த இடம் ஒரு சந்து. வீட்டின் பின்சுவருக்கும் மாட்டுக்கொட்டகைச் சுவருக்கும் நடுவில் கிடந்தது. அதை விட்டால் கிணறும் வைக்கோல் போரும்தான், வேறு வெற்றிடம் இல்லை. பக்கத்துச் சுவர் இரண்டும் ஏற்கெனவே இருப்பதால் பின்னால் ஒரு சுவர் எடுத்து, முன்னால் ஒரு கதவுநிலை வைத்து, மேலே ஓடு போட்டால் போதும். சிக்கல் உயரத்தில் இருந்தது. எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையின் இறவாரம் அந்தச் சந்துக்கு மேலே தாழ்ந்து இறங்கியிருக்கும். நிலை அதற்குக் கீழே அடங்க வேண்டும்.

மாசி மாதம் ஒரு காலையில் அப்பா என்னைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார். குதிகால், முதுகு, பின்மண்டை மூன்றும் சுவரில் ஒட்ட நின்றேன். அத்தனை நேராக நிற்கிற பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, கொத்தனார் சொன்னார். அவர் என் உச்சந்தலைக்கு நேரே கரிக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். கோட்டிலிருந்து மேலே அப்பா கையை வைத்துப் பார்த்தார். இறவாரம் வரை சரியாக ஒரு முழம்.

"பிள்ளைக்கு மேல ஒரு முழம். மனசுல வச்சுக்கங்க கொத்தனாரே."

"நான் எதுக்கு வச்சுக்கணும்? அதான் அளவு வீட்டுக்குள்ளயே நடமாடுதே."

அன்றைக்கு முழுதும் நான் குனியாமல் நடந்தேன்.

கொத்தனார் கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு மராமத்து வேலை என்று போனார். பத்து நாளில் வருகிறேன் என்றவர் திரும்பி வரும்போது புரட்டாசி பிறந்துவிட்டது. வயலில் கடலை பூத்துக் கிடந்தது. அறுவடைக்குள் கொட்டகை நின்றாக வேண்டும் என்று அப்பா துடித்தார். காரைக்குடியில் யாரோ பழைய வீட்டைப் பிரித்துக் கதவுநிலைகளை விற்கிறார்கள் என்று தெரிந்ததும் வண்டியைக் கட்டிக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அங்கே ஒவ்வொரு நிலையாக என்னை நிறுத்திப் பார்த்தார். விற்கிறவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னண்ணே, நிலை வாங்க வந்தீகளா, பிள்ளையை விக்க வந்தீகளா?"

"டேப்பு ஏமாத்தும். எம் மக ஏமாத்த மாட்டா."

பிள்ளைக்கு மேல் ஒரு முழம் என்ற கணக்குக்கு ஒரு தேக்கு நிலை அச்சாகப் பொருந்தியது. வண்டியில் திரும்பும்போது அதன் மேல்தான் உட்கார்ந்து வந்தேன். ஊருக்குள் நுழையும்போது யாராவது பார்க்கிறார்களா என்று நானும் பார்த்துக்கொண்டேன்.

நாலு நாளில் பின்சுவர் எழுந்தது. ஐந்தாம் நாள் நாலு பேர் சேர்ந்து நிலையைத் தூக்கி நிமிர்த்தினார்கள். அது நிமிரவில்லை. மேல்கட்டை இறவாரத்தில் போய் முட்டியது. ஓடு இரண்டு சரிந்து அப்பாவின் காலடியில் விழுந்து நொறுங்கியது. கொத்தனார் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நாலு விரற்கடை மிச்சம் என்றார்.

"அது எப்படி? இவளை வச்சுத்தானே அளந்தேன்?"

என்னைப் பழைய கோட்டுக்கு நேரே நிறுத்தினார்கள். அதே மாதிரி குதிகால், முதுகு, மண்டை எல்லாம் ஒட்ட நின்றேன். கொத்தனார் கிட்டே வந்து பார்த்தார். வாயிலிருந்த பீடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கோடு என் உச்சந்தலையில் இல்லை. நாலு விரல் இறங்கி நெற்றிக்கு நேரே கிடந்தது.

அப்பா குனிந்து என் குதிகாலுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. அப்படியே குந்தியபடி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"மாசியில நீ வளைஞ்சு நின்னுருக்க."

ஊரில் யார் என்ன சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். நான் வளைந்து நின்றேன் என்று அப்பா வாயால், அதுவும் நாலு ஆளுக்கு முன்னால். குதிகாலை இன்னும் சுவரோடு அழுத்தி நின்றேன்.

வேலையாட்களுக்கு நீராகாரம் கொண்டுவந்த ஆத்தா அந்த நேரத்தில்தான் பின்வாசலில் வந்து நின்றாள். கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்திரிங்க. அவ ஒண்ணும் வளையலை."

அதோடு விடவில்லை. கொத்தனார் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியறியாத என் ஆத்தா அவர் பக்கம் திரும்பி, வேலையை நிறுத்துங்க என்றாள். அப்பா மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். அவர் உடைந்த ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலமே கண்டரமாணிக்கத்துக்கு ஆள் போனது. அங்கே ஆத்தாவின் தம்பி, என் தாய்மாமன். நான் வளைந்து நின்றதை விசாரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து இரவு சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் மாமன் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய்ச் சந்தைக் குறுக்கும் நெடுக்கும் காலால் அளந்தார்.

"மச்சான், இந்த இடம் எனக்கு வேணும்."

வாய்க்கால் வரப்பில் அரை முழத்துக்காகச் சொந்த அண்ணனோடு பேச்சை விட்டவர் என் அப்பா. மண்வெட்டியைத் தூக்கப்போகிறார் என்று ஓரமாக ஒதுங்கினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எடுத்துக்க மாப்பிளை. எனக்கு யோசனை போகலை."

"யோசிக்காமத்தான் கட்டுனீகளா? கிணத்துக்குள்ளயா நான் கொண்டுபோய்க் கட்டுறது?"

அன்றைக்கே பின்சுவரை இடித்தார்கள். ஈரம் காயாத சுவர், கடப்பாரையின் நாலு குத்துக்கு விழுந்துவிட்டது. எங்கள் கொட்டகையை ஏன் இடிக்கிறீக என்று மாமன் வேட்டியைப் பிடித்து இழுத்து அழுதேன்.

"உனக்குத்தான்த்தா இடிக்கிறேன்" என்றார்.

"எனக்கு வேணாம்."

கொத்தனார் சிரித்துவிட்டார். ஆத்தா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். மாமன் கிளம்பும்போது தண்ணீர் கேட்டார். நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்த வருடம் கடலை மூட்டைகள் கூடத்திலேயே கிடந்தன. மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, எங்கள் இடத்தை மாமன் பிடுங்கிக்கொண்டார் என்றே நினைத்திருந்தேன்.

தை மாதம் அவர் ஒரு வண்டி பச்சைத் தென்னோலையோடு வந்தார். பெண் பெரியவளானால் தாய்மாமன் ஓலைக் குச்சு கட்டி அதற்குள் உட்கார வைப்பது எங்கள் முறை. அந்தச் சந்தில், எந்த அளவும் எடுக்காமல், ஒரு முற்பகலில் கட்டி முடித்தார். பதினாறு நாள் அதற்குள் இருந்தேன். புதுப் பாவாடை, உளுந்தங்களி, நல்லெண்ணெய் என்று வரிசையாக வந்தன. என் சிலேட்டு பள்ளிக்கூடத்து ஜன்னலில் இருந்தது. யாராவது எடுத்துவிடுவார்கள், போய் வாங்கிவரச் சொல்லு என்று ஆத்தாவிடம் தினமும் சொன்னேன். நாளைக்கு, நாளைக்கு என்றாள்.

குச்சைப் பிரித்த நாலாம் நாள் கொத்தனார் மறுபடி வந்தார். கொல்லையில் சத்தம் கேட்டதும் ஓடினேன். அப்பா கையில் புது டேப்பு இருந்தது. இரும்பு டேப்பு. கரிக்கோடு சுவரில் அப்படியே இருந்தது. யாரும் கூப்பிடாமல் நானே போய், குதிகால், முதுகு, மண்டை மூன்றும் ஒட்ட, இந்த முறை யாரும் குறை சொல்ல முடியாதபடி நின்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ உள்ள போத்தா. ஆளுக நிக்கிற இடத்துல உனக்கு என்ன வேலை."

மாசியில் வளைந்து நின்றேன் என்ற கோபம் அப்பாவுக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் நினைத்தேன். கோபம் ஆறியதும் கூப்பிடுவார் என்று, பின்வாசல் கதவுக்கு உள்பக்கமாக, சாயங்காலம் வரை நேராகவே நின்றிருந்தேன்.